சாமை மெயிலை நிறுத்தின கல்யாணப் பத்திரிகை

ஒழுங்கா ஓடுற சர்வரை ஓட்டுறது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. நின்னுட்டா மட்டும் நம்ம போன் நம்பர் கள்ளக்குறிச்சி பூரா தெரிஞ்சிடும்.

இதைப் படிக்கிறவங்கள்ல லினக்ஸ் சர்வர்ல மெயிலும் வெப்சைட்டும் பார்த்து வயித்தைக் கழுவுற புண்ணியவான்கள் யாராவது இருந்தா, கொஞ்சம் கிட்ட வந்து உக்காருங்க. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும். சொந்தக்காரங்க நம்மள "கம்ப்யூட்டர் ரிப்பேரு"ன்னுதான் சொல்வாங்க. பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சின்னு கூப்புடுவாங்க, நாமளும் போய் உருவிக் குடுத்துட்டு வருவோம். கச்சிராயபாளையம் ரோட்டுல ஒரு உரக்கடை மாடியில எனக்கு ஒரு ரூம் இருக்கு. சர்வர் அங்க இல்ல. அது மும்பையில ஏதோ ஒரு கட்டடத்துல வாடகைக்கு ஓடுது, நான் இங்கேருந்து கறுப்பு ஸ்கிரீன்ல எழுத்தைத் தட்டி அதை மேய்க்கறேன். நம்ம பக்கத்துச் சின்ன யாவாரிங்க எல்லாரையும் அந்த ஒரே மிஷின்ல குடி வெச்சிருக்கேன். ஒரே வூட்டுல நாலு குடித்தனம், ஆனா தெரு வாசல் ஒண்ணுதான்னா எப்படியோ, அப்படி. இந்தக் கதையில வந்த வம்பெல்லாம் அந்த ஒத்தை வாசலால வந்ததுதான்.

ஆயுத பூஜைக்கு லீவு

எலவனாசூர்கோட்டையில ரைஸ் மில் வெச்சிருக்கிற பெரியசாமி அண்ணன் ஆயுத பூஜை அன்னிக்குக் காலையில போன் பண்ணார். மில்லுல எல்லா மிஷினையும் கழுவி, பட்டை போட்டு, பொட்டு வெச்சாச்சாம். டிராக்டர் சாவியைக்கூட சாமி முன்னாடி வெச்சிட்டாராம். "எல்லா ஆயுதமும் படுத்துக்கினு இருக்குது, வெப்சைட்டு மட்டும் இன்னாத்துக்கு ஓடிக்கினு இருக்குது? அதையும் நிறுத்து"ன்னார்.

"அண்ணே, சர்வரை நிறுத்துனா உங்களுது மட்டும் நிக்காது. ஜாபர் பாய் துணிக்கடையும் நிக்கும், வெள்ளிமலை சாமைக்காரங்களும் நின்னுடுவாங்க. பாய்க்கு இது தீபாவளி யாவார நேரம்"னு சொன்னேன். "அப்ப என் குடித்தனத்தை மட்டும் பூட்டு"ன்னார். சரின்னு அவர் பக்கத்தை மட்டும் நிறுத்தி, 'இன்று ஆயுத பூஜை, மில் விடுமுறை'ன்னு ஒரு வரி எழுதி மாட்டினேன். மறுநாள் திறந்து வுட்டப்புறம், ஒரு நிமிஷம்கூட நிக்காம ஓடுறதுதாண்ணே நம்ம தொழிலுக்கே கௌரவம்னு லேசா முணுமுணுத்தேன். அவர் சொன்னது இது:

"அதுவும் ஒரு மிஷின்தானேப்பா, வருசத்துல ஒரு நாள் பொட்டு வெச்சிக்கினு சும்மா குந்தறதுக்கு அதுக்கு ஆசை இருக்காதா?"

கையில வாங்கினாங்களா

வெள்ளிமலை பக்கத்துல ஒரு சின்ன ஊர்ல சாமை போடுற பொம்பளைங்க சேர்ந்து ஒரு குழு வெச்சிருக்காங்க. அதுக்குச் செயலாளர் செல்வி. அவங்க ஊர்ல சிக்னல் கிடையாது. மெயிலை வூட்டுலயே போன்ல அடிச்சி வெச்சிக்கினு, வெள்ளிமலை பஸ் நிக்கிற எடத்துக்கு நடந்து வந்து, அங்க சிக்னல் புடிச்சி அனுப்புவாங்க. முன்ன ஓசி மெயில்தான் வெச்சிருந்தாங்க. குழு பேர்லயே சொந்த மெயில் இருந்தா கம்பெனிக்காரன் மதிப்பான்னு சொல்லி, நான்தான் அவங்களை என் மிஷினுக்குக் குடி கூட்டிக்கினு வந்தேன்.

ஒவ்வொரு மெயில் அனுப்பினப்புறமும் செல்வி எனக்குப் போன் பண்ணுவாங்க. மலை பஸ்ல ஏத்தி அனுப்பின ஆளு இறங்கிச்சான்னு கேக்கிற மாதிரி, "போய்ச் சேந்துச்சாண்ணே?"ன்னு கேப்பாங்க. நானும் லாக்கைப் பார்ப்பேன். எந்த மெயிலு எப்ப எங்க போச்சின்னு சர்வர் வரி வரியா எழுதி வெக்கிற குறிப்பு அது. அந்தப் பக்கத்து சர்வர் 'வாங்கிக்கிட்டேன்'னு பதில் சொல்லியிருக்கும். "சேந்துடுச்சிம்மா, அவங்க சர்வர் வாங்கிக்கிச்சி"ன்னேன் ஒரு தடவை. வாங்கினது மிஷினா மனுஷனான்னு கேட்டாங்க. மிஷின்தான், மனுஷன் பார்த்தாரான்னு எனக்குத் தெரியாதுன்னு விளக்கினேன். பத்து வருஷமா இந்த வேலை பார்க்கிறேன், யாரும் என்னை இவ்ளோ சரியா மடக்கினதில்ல:

"அப்ப ஆள் கையில குடுக்கல, வாசல்ல வெச்சிட்டு வந்துட்டேன்னு சொல்லுங்கண்ணே."

ரெண்டு வாட்டி கூப்புடணும்

அந்த வருஷம் பெங்களூர் கம்பெனி ஒண்ணு குழுவோட சாமை மொத்தத்தையும் எடுத்துக்கறேன்னு வந்தது. வெலைக்கு ஒத்துக்கிறோம்னு ஒரு கடிதமும் சாமை பரிசோதனைத் தாளும், அவங்ககிட்ட பதிவு பண்ணியிருக்கிற குழு மெயில்லேருந்துதான் வரணும், வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள வரணும், வரலன்னா அடுத்த ஆளுகிட்ட எடுத்துக்குவோம்னு சொல்லிட்டாங்க. இது போச்சின்னா, மலையேறி வர்ற யாவாரி சொல்ற அடிமாட்டு வெலைக்குத்தான் தள்ளணும். செல்வி பேச்சை நம்பி அத்தனை பேரும் யாவாரியைத் திருப்பி அனுப்பிட்டு, மூட்டையை வூட்டுல அடுக்கி வெச்சிருந்தாங்க.

வியாழன் காலையில செல்வி போன் பண்ணாங்க. மெயிலு திரும்பி வந்துடுச்சாம், மூணு தடவையும். பின்னாலயே பெரியசாமி அண்ணன்: "இன்னைக்கு ஆயுத பூஜை இல்லியேப்பா, என் மெயிலு ஏன் நிக்குது?" லாக்கைத் திறந்தேன். எல்லா வரியும் ஒரே பாட்டு: உங்க வாசல் கெட்ட பேர் பட்டியல்ல இருக்குது, வாங்க மாட்டோம். மெயில் உலகத்துல ஒரு பஞ்சாயத்து இருக்கு. குப்பை மெயிலை வண்டி வண்டியா அனுப்புறவன் வாசல் நம்பரைக் குறிச்சி ஊரை விட்டு ஒதுக்கி வெச்சிடுவாங்க, அந்த வாசல்லேருந்து வர்ற எதையும் ஒருத்தரும் தொட மாட்டாங்க. யார் இவ்ளோ அனுப்பினதுன்னு பார்த்தா, ஜாபர் பாய் கடை.

ஓடினேன். பாய் சிரிச்ச முகமா எழுந்து வந்து கையைப் புடிச்சிக்கினார். பெரிய பொண்ணுக்கு நிக்காஹ். கடை தொறந்த நாள்லேருந்து பில் போடறப்ப மெயில் குடுத்த அத்தனை பேருக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கார். அதுல பாதி மெயிலு செத்துப் போய் வருஷக்கணக்கு ஆவுது. இல்லாத வூட்டுக் கதவையெல்லாம் தட்டினா பஞ்சாயத்துக்கு சந்தேகம் வராதா? அதோட வுட்டாரா, பதில் வராதவங்களுக்கெல்லாம் மறுபடியும் அனுப்பியிருக்கார். ஏன் பாய் ரெண்டு தடவைன்னு கேட்டேன். கோபமா கேக்கணும்னுதான் போனேன், அவர் முகத்தைப் பார்த்தா கோபம் வரல.

"ஒரு வாட்டி கூப்ட்டா பேச்சுக்குக் கூப்ட்டாம்பாங்க தம்பி, ரெண்டாவது வாட்டி போனாதானே மனசாரக் கூப்புடறோம்னு தெரியும்."

மன்னிப்பு மனு

பாய் கடையிலேருந்து இன்னும் வரிசையில நின்னுக்கினு இருந்த பத்திரிகையெல்லாம் அழிச்சேன். தன்னால மலைக்காரங்க மெயிலு நின்னு போச்சின்னு கேட்டதும் அவருக்கு முகம் செத்துப் போச்சி. கடையைத் தன் தம்பிகிட்ட குடுத்துட்டு என் பின்னாலயே மாடியேறி வந்து உக்காந்துட்டார். மதியத்துக்குள்ள செல்வியும் மலையிலேருந்து பஸ் புடிச்சி வந்து இறங்கிட்டாங்க. போன்ல கேட்டுக்கினு அங்க நிக்க முடியலன்னாங்க. பாயைக் காட்டி, இவரால வந்ததுதான்மான்னு சொல்ல எனக்கு வாய் வரல, அவரே சொல்லிட்டார். செல்வி அவர்கிட்ட "பொண்ணுக்கு எப்ப கல்யாணம்?"னு மட்டும் கேட்டாங்க.

பட்டியல்லேருந்து எடுக்கச் சொல்லி அந்தப் பஞ்சாயத்துக்கு மனு போட்டேன். ஏன் இவ்ளோ மெயில் போச்சி, இனிமே எப்படித் தடுப்பீங்கன்னு கேள்வி இருந்தது. 'வாடிக்கையாளர் ஒருவர் மகள் திருமணத்துக்கு அனைவரையும் அழைத்துவிட்டார், இனி நடக்காமல் பார்த்துக்கொள்கிறேன், மன்னிக்கவும்'னு இங்கிலீஷ்ல எழுதினேன். ஓரிரு நாள்ல பார்க்கறோம்னு பதில் வந்தது. நமக்கு இருக்கிறது சாயங்காலம் வரைக்கும்தான். நான் இன்னா எழுதினேன்னு பாய் கேட்டார், படிச்சிச் சொன்னேன்.

"கல்யாணத்துக்குக் கூப்ட்டதுக்கு மன்னிப்பு கேக்கச் சொல்ற ஊரு எந்த ஊரு தம்பி?"

சாப்ட்டீங்களா

சோதனைக்குன்னு நான் வெச்சிருந்த சின்ன மிஷின் ஒண்ணு வேற வாசல்ல இருந்தது. செல்வி குழுவோட மெயிலை மட்டும் அந்த வழியா திருப்பி வுடலாம். ஆனா சும்மா வுட்டா, இது யாரோ திருட்டு ஆளுன்னு அந்தப் பக்கத்துக்காரன் சந்தேகப்படுவான். அதனால, இந்த வாசல்லேருந்து வர்றவங்களும் எங்க ஆளுங்கதான்னு இன்டர்நெட்டுல குழுவோட பேருக்குக் கீழ ஊருக்கெல்லாம் தெரியற மாதிரி எழுதி வெக்கணும். எழுதினேன். எழுதினது எல்லா இடத்துக்கும் போய்ச் சேரணுமே, அதுக்குக் காத்திருந்தோம். மூணு பேரும் டீயை வாங்கி வெச்சிக்கினு ஆற வுட்டோம். அப்புறம் செல்வி தன் போன்லேருந்தே மெயிலை அனுப்பினாங்க. லாக்ல அந்த வரி வந்தது: வாங்கிக்கிட்டேன். எனக்கு உசுரு திரும்பி வந்தது. செல்வி என்னையே பார்த்துக்கினு, "கையிலயா, வாசல்லயா?"ன்னாங்க.

பெங்களூர் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த ஆளுகிட்ட எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல, மெயில் வந்திருக்கும், குப்பைப் பெட்டியிலயும் பாருங்க சார்னேன். வரலன்னு சொல்லி வெச்சிட்டார். மறுபடி போட்டேன், மறுபடி வெச்சிட்டார். புது வாசல், யாரும் முன்னப்பின்ன பார்க்காத ஆளு. மிஷின் வாங்கிக் குப்பையில போட்டிருக்கும்னு எனக்குத் தெரியும், ஆனா அந்தப் பெட்டியை நான் போய்த் திறக்க முடியாதே. செல்வி சன்னல் பக்கம் திரும்பிக்கினு, "மலைக்குப் போய் எந்த மூஞ்சியோட சொல்றது"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கினாங்க. அப்ப பாய், "அந்தப் போனை இங்க குடு தம்பி"ன்னார்.

துணி எடுக்க பெங்களூருக்கும் சூரத்துக்கும் போய் வர்ற மனுஷன், உருதுல ஆரம்பிச்சார், பேசினது இன்னான்னு பின்னால அவரே எனக்குச் சொன்னார். மெயிலைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. மொதல்ல பேர் இன்னான்னு கேட்டார், அப்புறம் சொந்த ஊரு, அப்புறம் மதியம் சாப்ட்டீங்களான்னு. அந்தாளுக்கும் ரெண்டு தங்கச்சி இருக்காம், ஒண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கறாங்களாம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கினு, பாய் பாய்னு கையை ஆட்டறேன். அவர் கண்டுக்கல. கடைசியிலதான், என் பொண்ணு கல்யாணத்தால ஒரு மலைக்காரப் பொண்ணோட மெயிலு மாட்டிக்கிச்சி, அந்தக் குப்பைப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கன்னு சொன்னார். அந்தப் பக்கத்துலேருந்து அந்தாளு ஏதோ சொல்ல, பாய் செல்வியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கிடைச்சிடுச்சி. அந்த ஆளு அங்க உக்காந்துக்கினே, வந்து சேர்ந்ததுன்னு பதில் மெயில் போட்டார், செல்வி போன்ல டிங்குன்னு விழுந்தது. செல்வி அழுதுட்டாங்க, எனக்கும் கண்ணு கலங்கிடுச்சி, அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல. பாய் இன்னும் போனை வெக்கல. பேச்சை முடிக்கிற எடத்துல தமிழ்ல என்கிட்ட திரும்பி, சட்டுனு கேட்டார்:

"தம்பி, இவர் மெயிலுக்கும் ஒரு பத்திரிகை தட்டி வுட்டுடட்டுமா?"

ஜீப்புல வந்த பத்திரிகை

தட்டி வுட நான் வுடல. ரெண்டு நாள் கழிச்சி பஞ்சாயத்து எங்க வாசலை மன்னிச்சி வுட்டது. அன்னையிலேருந்து ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மெயிலுக்கு மேல ஒரு குடித்தனமும் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு போட்டு வெச்சிருக்கேன். சாமை மூட்டையெல்லாம் லாரியேறிப் போச்சி. யாவாரி வந்து, வெறும் வூட்டைப் பார்த்துட்டு இறங்கிப் போனாராம்.

அடுத்த வாரம் பாய், சம்சாரத்தைக் கூட்டிக்கினு, அச்சடிச்ச பத்திரிகையோட ஜீப் புடிச்சி வெள்ளிமலைக்கே போய் செல்வியைக் கூப்ட்டுட்டு வந்தார். வர்ற வழியில எதையோ மறந்த மாதிரி வண்டியைத் திருப்பச் சொல்லி, மறுபடியும் போய் ரெண்டாவது வாட்டி கூப்ட்டுட்டுத்தான் இறங்கினாராம். நிக்காஹ் அன்னிக்கு குழுப் பொம்பளைங்க அத்தனை பேரும் வந்து இறங்கினாங்க. பிரியாணிப் பந்தியில என் பக்கத்துல உக்காந்த செல்விகிட்ட, பாய் உங்களுக்கும் மெயில்லயே பத்திரிகை அனுப்பியிருந்தா வந்திருப்பீங்களான்னு கேட்டேன். இலையைப் பார்த்துக்கினே சொன்னாங்க:

"அது வாசல்ல வெச்சிட்டுப் போற பத்திரிகைண்ணே, இது கையில குடுத்தது."

இத்தனை வருஷம் லாக்கைப் படிச்சி நான் கண்டுபுடிச்சது ஒண்ணே ஒண்ணுதான்: சர்வர் 'வாங்கிக்கிட்டேன்'னு சொல்றதுக்கும் மனுஷன் 'கெடச்சிடுச்சி'ன்னு சொல்றதுக்கும் நடுவுல இருக்கிற தூரத்துக்கு, "சாப்ட்டீங்களா"ன்னு கேக்கிற ஒரு ஆளைத்தான் அனுப்ப வேண்டியிருக்கு.