மல்சுன் போட்ட மதிப்பெண்

போதும்பொண்ணு என்று நம் பக்கம் பெயர் வைப்பார்களே, மல்சுன் என்பதும் அந்த வகைதான். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்த எரிச்சலில் அப்பன் வைத்த பெயர். "ஆனா நிக்கலையே! எனக்குப் பின்னாடியும் ரெண்டு பொட்டச்சிங்க வந்துச்சுல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். கொரியாவின் கிழக்குக் கரையில், சம்சொக் துறைமுகத்தில் கணவாய் மீன் அறுத்துக் காயப்போடும் பெண்களில் அவளைவிட வேகமான கையும் கிடையாது, அவளைவிட நீளமான நாக்கும் கிடையாது. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்தான். ஒரே மகன் கிதேயை அந்தக் கணவாயை வைத்துத்தான் ஆளாக்கினாள். சுடச்சுடக் குழம்பில் சோற்றைக் கொட்டி, நின்ற வாக்கிலேயே விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவள். அரசாங்கம் இலவசமாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறது, வா என்றால், "கணவாய் சீசன்ல வாயத் தொறந்துட்டுப் படுக்க எனக்கு ஏது நேரம்?" என்பாள்.

மருமகள் ஹேரிம் சியோல்காரி. அவளைக் கண்டாலே மல்சுனுக்கு ஆகாது. மாமனார் திவசத்தன்று படையலுக்கு ஹேரிம் முதல்முதலாக மாட்டிறைச்சி சூப் வைத்தாள். மல்சுன் ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்தாள். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சட்டியைத் தூக்கிக் குழாயடியில் கவிழ்த்தாள். "இதக் குடிக்கச் செத்தவரு வேற அவ்வளவு தூரம் நடந்து வரணுமாக்கும்!" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஹேரிம் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பை அவள் தொடவில்லை.

மல்சுனுக்கு வயிற்றில் புற்று என்று தெரிந்து, இரைப்பையை முழுசாக எடுத்த பிறகுதான் தொட்டாள். கிதே லாரி ஓட்டுகிறவன், வாரத்தில் பாதி நாள் சாலையிலேயே கிடப்பான். ஹேரிம்தான் பல் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு வந்து, வேளைக்கு ஒரு கிண்ணமாகக் கஞ்சி வைத்து ஊட்டினாள். பைன் பருப்புக் கஞ்சி, பூசணிக் கஞ்சி, காசு இருக்கும்போது கடல் நத்தைக் கறிக் கஞ்சி. மல்சுன் தலையைக் குனிந்துகொண்டு குடிப்பாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. மன்னிச்சுக்கோ என்று சொல்ல அந்த நீள நாக்குக்கு வரவில்லை. அதனால் கிண்ணத்தைக் காலி செய்து காட்டினாள்.

அறுவைக்குப் பிறகு நோயாளிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று அந்த ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சிக்காக அளந்து பார்ப்பார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை யேசுல் என்ற நர்ஸ் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிப்பாள். இல்லவே இல்லை, கொஞ்சம், நிறைய, ரொம்ப என்று நோயாளி பதில் சொல்ல வேண்டும். கடைசியில் மொத்த வாழ்க்கைக்கு ஒன்றிலிருந்து ஏழுக்குள் ஒரு மதிப்பெண் போட வேண்டும். நோயாளியைத் தனியாக வைத்துக் கேள் என்பது விதி. ஆனால் ஆஸ்பத்திரிக்கு மாமியாரைக் கூட்டி வந்த மருமகளிடம், நீ வெளியே போ என்று எந்த வாயால் சொல்வது? நாலு பேர் பார்க்க அது எவ்வளவு பெரிய அவமானம்! யேசுலும் இந்த ஊர்க்காரிதானே, சொல்லவில்லை. ஹேரிமுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"சாப்பாடு இறங்கறதுல சிரமம் இருக்கா அம்மா?"

"இல்லவே இல்ல."

"வாந்தி?"

"வாந்தியா? எங்க மருமக கஞ்சி அமிர்தமாட்டம் இருக்கு பொண்ணே. நீயும் ஒரு நாள் வந்து குடிச்சுப் பாரு."

மொத்த வாழ்க்கைக்கு ஏழுக்கு ஏழு போட்டாள். பக்கத்தில் ஹேரிமின் முகம் சிவந்துபோயிற்று. இத்தனை வருஷத்தில் அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. அந்த முகத்தைப் பார்த்தபின் மல்சுனுக்குப் பின்வாங்க வழியில்லாமல் போயிற்று.

உண்மையில் கஞ்சி இறங்கவில்லை. நெஞ்சுக்குக் கீழே வந்து அப்படியே நின்றது. ஹேரிம் துணி காயப்போட மாடிக்குப் போனதும் மல்சுன் பின்பக்கம் போய், சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, குடித்ததில் பெரும்பகுதியைக் கக்கிவிட்டு வருவாள். எடை பார்க்கும் நாளில் பஞ்சு வைத்த கால்சட்டை இரண்டு போட்டுக்கொள்வாள். வயிற்றை எடுத்தவர்கள் இளைக்கத்தான் செய்வார்கள் என்று டாக்டரும் விட்டுவிட்டார். ஸ்கேன் படத்தில் எதுவும் பிடிபடவில்லை, மதிப்பெண்ணும் பிரமாதம், அவருக்கு வேறென்ன வேண்டும்!

துறைமுகத்துப் பெண்கள் விடவில்லை. "மருமக பட்டினி போடறாளா அக்கா? எலும்பும் தோலுமா ஆயிட்டியே" என்று ஹேரிம் காதுபடவே கேட்டார்கள். ஹேரிம் அன்று அடுப்படியில் முகத்தை மூடிக்கொண்டு அழுததை மல்சுன் பார்த்தாள். வாந்தியைச் சொன்னால் இந்தப் பேச்சு நிஜமாகிவிடும் என்று பயந்தாள். அடுத்த தடவையும் ஏழு போட்டாள்.

அதற்கடுத்த தடவை, வண்டி வழியை மறிக்கிறது என்று கீழேயிருந்து ஹேரிமைக் கூப்பிட்டார்கள். அறையில் இருவர் மட்டும். யேசுல் கேள்வியைப் படிக்கும் முன்பே மல்சுன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ வர்றதுக்குள்ள சொல்லிடறேன். எச்சில்கூட இறங்கல பொண்ணே. ராத்திரி தாகத்துல நாக்கு ஒட்டிக்குது."

"எப்பருந்தும்மா?"

"கஞ்சி நின்னுக்கிட்டது மொத தடவ நீ கேட்டப்பவே."

யேசுல் எழுந்து ஓடினாள். குழாய் விட்டுப் பார்த்தார்கள். தையல் போட்ட இடத்தைச் சுற்றிப் புற்று திரும்ப வந்து, வழியை நெரித்துக்கொண்டிருந்தது. உள்ளே மற்ற இடங்களுக்கும் பரவியிருந்தது. முதலிலேயே தெரிந்திருந்தால் மருந்தை மாற்றிப் பார்த்திருக்கலாம், வழியையாவது திறந்துவிட்டிருக்கலாம், இப்போது உடம்பு எதையும் தாங்காது என்று டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கிதே சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான். யேசுல் கணவன் மனைவி இருவருக்கும் தலை தாழ்த்தி, நிமிராமல் நின்றாள். அந்த நாற்காலியை இழுத்துப் போட்டது அவள்தான். அது அவளுக்குத் தெரியும்.

ஹேரிமுக்கு வந்தது கோபம்தான். வார்டுக்குள் வந்ததும் கத்தினாள். "ஊரே என்னக் கொலைகாரின்னு சொன்னாலும் சொல்லட்டுமே! உங்களுக்கென்ன அத்தை? இறங்கலன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"மறுபடியும் உன்ன அழவைக்கக் கூடாதுன்னு பாத்தேன்."

"இப்ப மட்டும் சிரிக்கிறேனா?"



ஆராய்ச்சிக் கணக்கை முடிக்கக் கடைசியாக ஒருமுறை கேட்டாக வேண்டும். யேசுல் வார்டுக்கு வந்தாள். இந்த முறை வாய் திறந்து, "அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய இருக்கணும்" என்றாள். ஹேரிம் எழுந்தாள். மல்சுன் அவள் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இருக்கட்டும். அவளும் கேக்கட்டும்."

யேசுல் ஒவ்வொன்றாகப் படித்தாள். வலி? ரொம்ப. சோர்வு? ரொம்ப. சாவைப் பற்றிக் கவலை? அதுவும் ரொம்ப என்றாள் மல்சுன். மருமகள் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஹேரிம் தலையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மொத்தமா, போன வாரம் உங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு அம்மா? ஒண்ணுலருந்து ஏழுக்குள்ள."

"ஒண்ணு. அதுக்குக் கீழ இருந்தா அதப் போட்டுக்க."

யேசுல் குறித்துக்கொண்டாள். ஹேரிம் கண்ணைத் துடைத்தாள். "கஞ்சி? அதையும் சொல்லிடுங்க, அத்தை."

"உப்பே இல்லடி. ஒரு நாள்கூட இருந்ததில்ல."

"டாக்டர்தான் போடக்கூடாதுன்னாரு!" ஹேரிமுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. "நாளைக்குப் போட்டு எடுத்துட்டு வரேன்."

"நிறையப் போடு" என்றாள் மல்சுன்.

அவள் தலைமாட்டில், வாய்வழி எதுவும் தரக்கூடாது என்று அட்டை தொங்கியது. இருவரும் அதைப் படித்திருந்தார்கள்.