முதல் பக்கத்து முகவரி

காலை பத்தரை மணிக்கு என் அலுவலகத் தொலைபேசி ஒலித்தது. அரசு மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியர் பேசினார். "கோமதின்னு ஒருத்தவங்க, உங்க அட்ரஸ் குடுத்துக்கிறாங்க. நீங்க சொந்தமா?"

"இல்லை. தெரிந்தவர்" என்றேன்.

"விடியக்காலம் தவறிட்டாங்க. யாராச்சும் வந்து கையெழுத்துப் போடணுங்க."

போய்க் கையெழுத்திட்டேன். பதினாறு ஆண்டுகள் அன்றாடம் பார்த்தவரைத் ‘தெரிந்தவர்’ என்று சொல்லியிருந்தேன்.

ஆரணி நீதிமன்றத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் தட்டச்சு இயந்திரத்தோடு அமர்ந்திருந்த கோமதி அம்மையாரை இங்குள்ள வழக்கறிஞர்கள் எல்லோரும் அறிவார்கள். வழக்கைத் தொடங்கும் பிராதுகளை அடித்துத் தருவது அவர் தொழில். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். என்னைப் போலவே திருமணம் செய்துகொள்ளாதவர். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், சென்னையில் சட்டம் படித்த மிடுக்கோடு என் முதல் பிராதை அவரிடம் நீட்டினேன். எப்படி அடிக்க வேண்டும் என்று ஒரு மாதிரியும் வரைந்திருந்தேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேல நாலு விரல் எடம் உடுங்க மேடம். கோர்ட்டு சீலு எங்க உக்காரும், உங்க தலை மேலயா?" பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னபடியே அடியுங்கள் என்றேன். அடித்தார். மூன்றாம் நாள் பிராது திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. அவர் புதுத் தாளைச் செருகி, நான்கு விரலை வைத்து அளந்துகொண்டார்.

மற்ற பக்கங்களை வேகமாக அடிப்பார். முதல் பக்கத்தில் மட்டும் விசாரணை நடக்கும். தகப்பனார் பெயர், வயது, கதவு எண் எல்லாவற்றையும் கட்சிக்காரர் வாயாலேயே கேட்டுத்தான் அடிப்பார். ஒருமுறை முள்ளிப்பட்டு நெசவாளர் ஒருவர் பொறுமை இழந்தார். "ஜல்தியா அடிச்சுக் குடும்மா, பஸ்ஸு பூடும்."

"பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும்ங்க. கேஸு திரும்பி வந்தா வருசம் பூடும். கதவு நம்பரு சொல்லுங்க."

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அவரே வாதியானார். தாயார் இறந்ததும் தம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு இவரை உள்ளே விடவில்லை. தகப்பனார் உயில் எழுதாமல் விட்டுப்போன வீடு. கடைக்குப் பின்னால் வாடகை அறை ஒன்றில் தங்கிக்கொண்டு, பங்கு கேட்டு வழக்குப் போட வந்தார். நான் வழக்கறிஞர். முதல் பக்கத்தை அவரே அடித்துக்கொண்டு வந்திருந்தார். வாதியின் முகவரியாக அந்த வீட்டின் கதவு எண்தான் இருந்தது.

"நீங்கள் இப்போது அங்கே இல்லையே" என்றேன்.

"அது எங்க வூடுங்க. நான் வெளியில போயிக்கிறேன், அவ்ளோதான்."

"நீதிமன்றத்தில் பொய் எழுதக் கூடாது."

"நீங்க படிச்சவங்க" என்றார். நான் கதவு எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு வாடகை அறையை எழுதினேன். அறிவிப்புகள் சேர வேண்டிய இடமாக வழக்கம்போல் என் அலுவலக முகவரி இருந்தது. அதில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

பங்காளியாக அந்த வீட்டில் இருந்துகொண்டு பங்கு கேட்டால் நீதிமன்றக் கட்டணம் சிறிது. வெளியேற்றப்பட்டவர் கேட்டால் பங்கின் மதிப்புக்கு ஏற்பப் பெரிது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என் முதல் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்: "இவர் அங்கே இல்லை என்று இவரே சொல்கிறார்." முகவரி ஒன்றை மட்டும் வைத்து அதை முடிவு செய்யக் கூடாது என்று வாதிட்டேன். எடுபடவில்லை. பெரிய கட்டணத்தை அவரால் கட்ட முடியவில்லை. நான் தருகிறேன் என்றதற்கு மறுத்துவிட்டார். பிராது நிராகரிக்கப்பட்டது. மேலே போகலாம் என்றேன்.

"போதுங்க மேடம். பேஜாரு."

வீடு தம்பியிடமே நின்றது. மறுநாள் என் வேறொரு வழக்கின் முதல் பக்கத்தை வழக்கம்போல் அடித்துத் தந்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அப்படியே. ஒரு சொல்லாவது சொல்லியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று எண்ணிக்கொள்வேன். அது உண்மைதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பிறகு கணினி வந்தது, அதையும் கற்றுக்கொண்டார். திரையின் மேலும் நான்கு விரலை வைத்துப் பார்ப்பார்.

மருத்துவமனையிலிருந்தே அவர் தம்பிக்குச் சொல்லியனுப்பினேன். "நீங்களே பாத்துக்குங்க" என்று பதில் வந்தது. காரியங்கள் முடிந்து இறப்பைப் பதிவு செய்ய நகராட்சிக்குப் போனேன். படிவத்தில் ‘நிரந்தர முகவரி’ என்று ஒரு கட்டம் இருந்தது. பேனாவை எடுத்து, நான் ஒருகாலத்தில் கோடு போட்டு அடித்த அதே கதவு எண்ணை எழுதினேன்.

எழுத்தர் நிமிர்ந்தார். "இது அவங்க தம்பி வூடாச்சே மேடம். இவங்க அங்க இல்லியே?"

"இவர் வீடுதான். வெளியில் போயிருந்தார்" என்றேன்.

அவர் முத்திரை குத்தினார்.

வீடு போய்ச் சேருங்கள், கோமதி அம்மா.