பனி லாரிக்காரரின் கடைசி ஓட்டு

காசிமிர் சிகாகோ மாநகராட்சியில் பனி அள்ளும் லாரி ஓட்டியவர்; பழகியவர்களுக்கு அவர் காஸ். எந்த மேயரையும் பனியை வைத்துத்தான் எடை போடுவார். சின்னச் சந்துக்குள் லாரி அனுப்பாத ஆள் அவருக்கு மனுஷனே இல்லை. அவர் மனைவி லியோனா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். பிள்ளைகள் தட்டில் என்ன விழுகிறது என்று பார்த்துத்தான் அவள் ஓட்டுப் போடுவாள். அதனால் கல்யாணம் ஆனதிலிருந்து ஒவ்வொரு மேயர் தேர்தலிலும் இருவர் ஓட்டும் எதிரெதிர்தான். காலையில் முட்டையும் சாஸேஜும் சாப்பிடும்போது தொடங்கும் சண்டை, ஒரே காரில் போய் ஒரே வரிசையில் நிற்கும் வரை ஓயாது.

வெளியே வந்ததும், "நீ போட்டத நான் கழிச்சுட்டேன். வா, வீட்டுக்குப் போலாம்" என்பார் காசிமிர்.

ஒரு பிப்ரவரியில், சரியாகத் தேர்தலன்று, கார் கதவைத் திறக்க முடியாத அளவுக்குப் பனி கொட்டியது. எப்படியும் ஒன்றை ஒன்று தின்னப்போகிற ஓட்டுகள்தானே, இருவருமே வீட்டில் இருந்துவிடலாம் என்று கை கொடுத்து ஒப்பந்தம் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் காசிமிர் லாரி ஷெட்டுக்குப் போய் வருகிறேன் என்று கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் லியோனா கோட்டை மாட்டிக்கொண்டு மாதா கோவிலுக்கு நடந்தாள். அதன் நிலவறையில்தான் வாக்குச்சாவடி. அங்கே வரிசையில் அவளுக்கு நாலு பேர் முன்னால், தொப்பியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு காசிமிர் நின்றார். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லித் தெருவே சிரித்தது.

ஓய்வு பெற்ற பிறகு லியோனா அதே சாவடியில் தேர்தல் அலுவலராக உட்கார ஆரம்பித்தாள். காசிமிருக்கோ நுரையீரல் கெட்டுப்போனது. இந்தத் தேர்தலுக்கு அவரால் படி இறங்க முடியவில்லை. தபாலில் வந்த ஓட்டுச்சீட்டை முதுகைத் திருப்பிக்கொண்டு நிரப்பினார். உறையை ஒட்டவே அவருக்கு மூச்சு வாங்கியது. யாருக்குப் போட்டாய் என்று லியோனா கேட்டாள்.

"சொன்னா எனக்கு இன்னிக்கி சூப் கெடைக்காது" என்றார்.

தேர்தல் செவ்வாய்க்கிழமை. காசிமிர் சனிக்கிழமை சாயங்காலம் போய்விட்டார். துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், கவலைப்படாதே லியோனா, நம்ம ஊரில் செத்தவங்க ஓட்டுக்குத்தான் மவுசு என்றார். ஊரில் எல்லோரும் சொல்கிற பழைய வேடிக்கைதான். காசிமிர் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார். லியோனாவும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

தபாலில் ஓட்டுப் போட்டவர் தேர்தல் நாளுக்கு முன் இறந்துவிட்டால் அந்த ஓட்டு செல்லாது. தேர்தல் அலுவலகத்தில் யாருக்கும் இன்னும் விஷயம் தெரியாது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். காசிமிரின் கடைசி ஓட்டு பிழைத்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் சாவடிக்குப் போனாள். வழக்கம்போல வலது கையைத் தூக்கி, தேர்தலை நேர்மையாக நடத்துவேன் என்று சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஆர்டெலுக்கு அப்போதுதான் பேத்தி பிறந்திருந்தாள். வருகிறவர் போகிறவர் யாரையும் விடாமல் போனில் குழந்தையின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். குழந்தை அவருடைய சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்திருந்தது. நகம் ஒவ்வொன்றும் அரிசிக் குருணை மாதிரி.

"இந்தப் பிடியப் பாரு லியோனா. இவ மேயருக்கு நின்னா எவனாலயும் நாற்காலிய விட்டு எறக்க முடியாது."

லியோனா படத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"ஆபீசுக்கு ஒரு போன் பண்ணணும், ஆர்டெல். காஸ் ஓட்டு அங்க இருக்கு."

ஆர்டெலுக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "நான் எதுவும் கேக்கல, நீ எதுவும் சொல்லல. சாயங்காலம் வரைக்கும்தான, விடு."

"காலைல கையத் தூக்கினோமே."

"காஸ் உன்னத் திட்டித் தீத்துருவான்."

"திட்டட்டும்" என்றாள் லியோனா. "கேக்கணும் போலத்தான் இருக்கு."

அவளே பேசினாள். பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். மறுமுனையில் இருந்த பெண் வருத்தம் தெரிவித்துவிட்டு, இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். லியோனா போனை ஆர்டெலிடம் நீட்டினாள். ஆர்டெல் போனை வாங்கி மிச்சத்தைச் சொன்னார்.

சாயங்காலம் கூட்டம் வடிந்தது. போட்டி கடுமை, ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் என்று அன்று பூராவும் வந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். லியோனாவின் ஆளும் ஜெயிக்கலாம் என்றார்கள். அந்த ஆளுக்காக அவள் குளிர்காலம் முழுக்க காசிமிரோடு மல்லுக்கட்டியிருந்தாள்.

கதவை மூடப்போகும் நேரத்தில் ஆர்டெல் ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். "நீ இன்னும் போடல."

லியோனா வரிசை நிற்கிற இடத்தைப் பார்த்தாள். ஈரக் காலணிகளின் தடம் மட்டும் தரையில் கிடந்தது.

"வீட்லயே இருந்துரலாம்னு நாங்க கை கொடுத்திருக்கோம்" என்றாள். "அந்தத் தடவ ரெண்டு பேருமே ஏமாத்திட்டோம்."

ஆர்டெல் சீட்டை மறுபடி கட்டுக்குள் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனார். லியோனா நாற்காலிகளை மடக்கத் தொடங்கினாள்.