எழுத்தும் தயாரிப்பும் கனிசியஸ்

"அம்மா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ. அழுகை நல்லாத்தான் இருக்கு. ஆனால் சுவிஸிலை இருக்கிற கடைக்குட்டியின்ரை பேர் இன்னும் வரேல்லை."

புத்தூரில் ஒரு செத்தவீடு. புருசனின் தலைமாட்டில் இருந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்த பத்மாவதி, தோளில் கமராவோடு நின்ற கனிசியஸை நிமிர்ந்து பார்த்தார். கனிசியஸ் வலது கையை உயர்த்தி, இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் போல விரித்து மூடினார். அந்த விரல்கள் மூடினால் கமரா நின்றுவிட்டது என்று பொருள். சனங்கள் இருமலாம், மூக்குச் சிந்தலாம், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கலாம். மூத்தவர் கனடா, அடுத்தவர் லண்டன், கடைசி சுவிஸ் என்று ஒழுங்கைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவர் மறுபடி கமராவுக்குள் கண்ணை வைத்தார். இரண்டாம் முறை மூன்று பிள்ளைகளும் வரிசையாக வந்தார்கள். அழுகையும் முதல் முறையைவிடக் கொஞ்சம் திருத்தமாகவே இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கனிசியஸை வீடியோக்காரன் என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். கல்யாணவீடு, பெண்பிள்ளை பெரியவளாகிற சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் அவர் எடுத்த வீடியோ ரேப்பின் முடிவில் சிவப்பு மையில் எழுதிய ஒரு கடதாசி மட்டை வந்து நிற்கும்: 'எழுத்தும் தயாரிப்பும் கனிசியஸ், உரும்பிராய்.' செத்தவீட்டுக்கு என்ன எழுத்து என்று ஒருநாள் கேட்டேன். "எழுத்தில்லாமல் விட்டால் உந்தச் சனம் அழுதுகொண்டே இருக்கும். கதை எங்கை போகும்?" என்றார்.

கடற்கரையோரக் குருநகரில் இருந்த வீடு சண்டையில் ஷெல்லுக்குப் போனபின் இங்கே உரும்பிராய்க்கு வந்து எங்கள் பக்கத்து வளவில் கொட்டில் போட்டவர். கூரையில் மிஞ்சிய ஒரு தகரத்தைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார். கொட்டிலுக்கு மேலே போடுவதற்கு என்று நான் நினைத்தேன். இல்லை, தொழிலுக்கு. மின்சாரம் போய் வருசக்கணக்காகிவிட்ட ஊரில் அவருக்குச் சூரியன்தான் விளக்கு. மனைவி பெர்னடெட் அந்தத் தகரத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து, வெயிலை வாங்கி, பேசுகிறவரின் முகத்தில் விழுத்துவார். மணப்பெண்கள் கண்கூசிக் கலங்குவார்கள். லண்டனில் பார்ப்பவர்கள் அது பிரிவுத்துயர் என்று எடுத்துக்கொள்வார்களாம். பற்றரிக்கு மட்டும் சுன்னாகத்துக்குப் போய், ஜெனரேற்றர் வைத்திருக்கும் கடையில் காத்துக்கிடந்து சார்ஜ் ஏற்றிவருவார்.

அவருடைய எழுத்து எப்படிப்பட்டது என்றால், சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கிற நடராசாவைச் சொன்னால் போதும். வாயைத் திறந்தால் ஊரே காதைப் பொத்தும். வெளிநாட்டில் இருக்கிற மருமகனுக்கு அனுப்ப அந்த மனுசனைக் கதிரையில் இருத்தி, "என் இதயம் நிறைந்த மருமகனே, நாம் யாவரும் இங்கு நலம்" என்று சொல்ல வைத்தார் கனிசியஸ். மாமா எலக்சன் கேட்கப் போகிறாரோ என்று மருமகன் பதில் போட்டிருந்தான். கனிசியஸ் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இந்தப் புத்தியெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டால் அவர் தன் குருவைக் காட்டுவார். குரு ஒரு கசெற்றுக்குள் இருக்கிறார்.

லண்டனில் இருக்கும் கனிசியஸின் தங்கை, தன் மகனின் முதலாவது பிறந்தநாளைப் படம்பிடித்து அனுப்பியிருந்தாள். தொலைக்காட்சியில் எதையோ பதிந்துவைத்த பழைய ரேப்பின் மேல்தான் பிறந்தநாளைப் பதிந்திருக்கிறாள். கால் மணித்தியாலத்தில் கேக் வெட்டி முடிகிறது. மெழுகுதிரி அணைந்த கையோடு, பழைய பேட்டி ஒன்றின் பாதியில், அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் வந்து உட்காருகிறார். ரேப் முடியும்வரை அவர்தான். தொலைக்காட்சித் தொடர்களை எழுதித் தயாரிக்கிறவர். அவருடைய பேர் தெரியாது, தொடரின் பேரும் தெரியாது. "பேர் கேக்குக்கு அடியிலை போயிட்டுது," என்பார் கனிசியஸ். அவருக்குப் பாதி இங்கிலீசு விளங்கும். மீதியை நான் சொல்லிக்கொடுத்தேன். நான் சொன்னதிலும் பாதி ஊகம்தான்.

ஆனாலும் அந்த மனுசரின் சீவியத்தைக் கனிசியஸ் ஜெபம்போல ஒப்புவிப்பார். தகப்பன் பஸ் ஓட்டியவர். மகன் தொலைக்காட்சி நிலையத்தில் அறை அறையாகக் கடிதம் கொடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, கடிதங்களுக்குள் தன் பகிடிகளையும் எழுதி வைத்து அனுப்பினார். ஒரு வெள்ளைக்காரக் கோமாளி அவற்றைச் சொல்லிப் பேர் வாங்கினான். பிறகு, தான் பிறந்த தெருவையே வைத்து ஒரு குடும்பக் கதை எழுதினார். தகப்பன் பாத்திரத்தை வாராவாரம் படியில் தடுக்கி விழவைத்தால் சனம் சிரிக்கும் என்றார்கள் மேலதிகாரிகள். என்ரை தகப்பன் விழமாட்டார் என்று சொல்லிவிட்டு அவர் வெளியே வந்தார். சில வருசம் வேலையில்லை. அடுத்தவர் தொடர்களுக்குப் பேர் போடாமல் எழுதிக்கொடுத்தார். கடைசியில் திரும்பிப் போனபோது, எழுத்தோடு தயாரிப்பும் தன் கையில் இருந்தால்தான் வருவேன் என்று போனார்.

இந்த இடத்தில் கனிசியஸ் எழும்பி நிற்பார். "பேட்டி காணுற மனுசி கேக்கிறா, ஏன் தயாரிப்பையும் கேட்டனீங்கள் எண்டு. என்ரை புரொடியூசர் என்ன சொல்லுறார்? என்ரை சனம் எப்பிடிக் கதைக்குதோ அப்பிடித்தான் கதைக்கும். அதுக்குள்ளை ஒருத்தரும் கை வைக்கேலாது." சொல்லிவிட்டு உட்கார்ந்து, அடுத்த கல்யாணவீட்டில் மாப்பிள்ளையின் தாய் பேசவேண்டியதை எழுதத் தொடங்குவார். 'பேருவகை அடைகின்றேன்' என்று ஆரம்பிக்கும். இதில் ஏதாவது முரண் இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை, பக்கத்து வளவுக்காரன் நாளைக்கும் முகத்தில் முழிக்கவேண்டியவன்.

போன மாதம் சந்தியோகுவின் மனைவி லூர்த்தம்மா வந்தார். அவர்களும் குருநகரில் இருந்து இடம்பெயர்ந்தவர்கள்தான். சந்தியோகுவின் தொண்டையில் கட்டி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுக்கிறார்கள். உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். ஒரே மகன் லியோன் லண்டனில். எட்டு வருசத்துக்கு முன், தகப்பனுக்குச் சொல்லாமல் அவருடைய மீன்பிடி வள்ளத்தின் எஞ்சினை விற்று, அந்தக் காசில் போனவன். இனி அவனோடு கதைக்கமாட்டேன் என்று சந்தியோகு அந்தோனியாரின் பேரில் சத்தியம் செய்தவர். எத்தனையோ கடிதம் வந்தும் ஒரு வரி பதில் போட்டதில்லை. கதைக்கமாட்டேன் என்றவருக்குக் கதைக்க முடியாத நோய். கடவுளுக்கும் எழுத்தும் தயாரிப்பும் தன் கையில்தான் போலிருக்கிறது.

குரல் போகமுன் மகனுக்காகக் கமராவுக்கு முன்னால் கதைக்க, எப்படியோ லூர்த்தம்மா கெஞ்சிக் கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டார். ரேப்தான் இல்லை. கிளாலிக் கடனீரேரியால் வள்ளத்தில் வருகிற சாமான் அந்தக் கிழமை வரவில்லை. சுன்னாகத்தில் கடை கடையாக ஏறியிறங்கிய கனிசியஸ் வெறுங்கையோடு திரும்பிவந்து, பெட்டிக்குள் இருந்த பிறந்தநாள் கசெற்றை எடுத்தார். வேறொன்றும் மேலே பதிந்து அழியாமலிருக்க அதன் மூலையை அவரே முன்பு உடைத்துவிட்டிருந்தார். இப்போது மறுபடி பதிவாகும்படி அந்த ஓட்டையின்மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரரை ஒட்டினார். "கேக் அழிஞ்சால் பறவாயில்லை. கால் மணித்தியாலம் போதும். அதுக்கு மேலை ஒரு சொட்டும் ஓடக்கூடாது. ஓடினால் என்ரை புரொடியூசர் போயிடுவார்," என்றார். நேரம் பார்க்கிற பொறுப்பு பெர்னடெட்டுக்கு. கால் மணித்தியாலம் ஆனதும் அவர் தகரத்தைத் திருப்பி வெயிலை விலக்கவேண்டும். அதுதான் அடையாளம்.

ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்து, முற்றத்தில் கதிரை போட்டுச் சந்தியோகுவை இருத்தினார்கள். கனிசியஸ் இரவிரவாக எழுதியதை நீட்டினார். 'அன்பு மகனே, உன்னை நான் மனமார மன்னித்தேன்' என்று தொடங்கியது. லூர்த்தம்மாவுக்கு அதைக் கேட்டதுமே கண் கலங்கிவிட்டது.

சந்தியோகு வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "மன்னிக்கிறதுக்கு நான் என்ன கோயில் சுவாமியாரோ?" என்றார், கரகரத்த குரலில். "நான் கதைக்கிறதைக் கதைக்கிறன். விருப்பமெண்டால் எடு."

கனிசியஸ் வழக்கமாக இப்படிப்பட்டவர்களை இலேசில் விடுகிறவரல்ல. ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. சிவப்புப் பொத்தானை அமத்தினார்.

சந்தியோகு பேசத் தொடங்கினார். பேசவில்லை, ஏசினார். எட்டு வருசத்து ஏச்சு. அந்த எஞ்சினைத் தான் எப்படிப் பிள்ளைபோலத் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தார் என்று தொடங்கி, அது போனபின் அடுத்தவன் வள்ளத்தில் கூலிக்குப் போனது, வள்ளச் சொந்தக்காரச் சம்மாட்டி சிரித்தது, லியோன் சின்ன வயதில் நீச்சல் பழகாமல் ஓடி ஒளித்தது வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. நடுவில் அச்சில் ஏற்றமுடியாத சொற்களும் வந்தன. லூர்த்தம்மா தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார். இதையா லண்டனுக்கு அனுப்பப்போகிறோம் என்று நான் கனிசியஸைப் பார்த்தேன். பிள்ளை கேட்கப்போகும் கடைசிக் குரல் இது. மன்னிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட மனுசன் வரவில்லை, நேரமோ முடிந்துகொண்டிருந்தது.

திடீரென்று அவர் நின்றார். மூச்சு வாங்கியது. "எஞ்சின் கிடக்கட்டும்," என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பெர்னடெட் தகரத்தைத் திருப்பினார். கால் மணித்தியாலம் முடிந்துவிட்டது. சந்தியோகுவின் முகத்தில் இருந்து வெளிச்சம் போனது. கனிசியஸின் வலது கை மேலே எழும்பியது. இரண்டு விரல்களும் கத்தரிக்கோலாக விரிந்தன. நாங்கள் எல்லோரும் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

சந்தியோகு எங்களைப் பார்க்கவில்லை. கமராவின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம், மோனை," என்றார். "நான் றோட்டுவரைக்கும் வந்து வழியனுப்பி விட்டிருப்பனே."

விரல்கள் மூடவில்லை. ரேப் கால் மணித்தியாலத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. கனிசியஸ் கமராவில் இருந்து கண்ணை எடுக்காமல், மற்ற விரல்களையும் விரித்து, உள்ளங்கையை மேலே திருப்பி, பெர்னடெட் நின்ற பக்கமாக மெல்ல அசைத்தார், வெளிச்சத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி.