நாற்பது நாள் தாமதம்

ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். சரக்கு ஒரு வாரம் தாமதமானால் வெளிநாட்டுக்காரர் பில்லில் பிடித்துக்கொள்வார். அதைப் பார்த்துப் பழகியதால், பள்ளிகொண்டா பக்கம் வீடு கட்டியபோது மேஸ்திரியோடு போட்ட ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதவைத்தேன்: சொன்ன தேதிக்கு மேல் நாளுக்கு ஐந்நூறு ரூபாய் பிடித்தம். நேரில் சொல்லக் கூச்சம். மேஸ்திரி படித்துவிட்டு, சிரித்தபடியே கையெழுத்துப் போட்டார்.

வேலை முடிய நாற்பது நாள் தாமதமானது. இருபதாயிரம் ரூபாய். கடைசித் தவணையை நம்பித்தான் அவர் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட இருந்தார். பிடிப்பதா, விடுவதா? நான் தவித்ததைப் பார்த்த மனைவி ஒரு வக்கீலம்மாவிடம் அழைத்துப் போனாள்.

"எழுதிட்டா மட்டும் அவ்ளோ பணமும் உங்களுது ஆயிடாதுங்க," என்றார் வக்கீலம்மா. "எழுதினது உச்சம். அதுக்குள்ள எது நியாயமோ அதான் கோர்ட்ல கிடைக்கும். சரி, ஏன் லேட்டு?"

மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஆடியில் வாசக்கால் வைக்கக் கூடாது என்று அந்த மாதம் முப்பத்தொரு நாளும் வேலையை நிறுத்தியது நாங்கள்தான். மேஸ்திரி கிறிஸ்தவர். "எங்களுக்கு எல்லா மாசமும் ஒண்ணுதாம்மா, ஆளுங்க ரெடி," என்று அப்போதே சொன்னார். தேதி போடும்போது நடுவில் ஆடி வருவதை நான் யோசிக்கவே இல்லை.

"நீங்களே நிறுத்திட்டு அவர்கிட்ட புடிப்பீங்களா?" வக்கீலம்மா சிரித்துவிட்டார். மீதி ஒன்பது நாளுக்கும் எங்களுக்கு நஷ்டமில்லை. நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்காரர் அந்த நாட்களுக்கு வாடகை வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மேஸ்திரி வந்தார். "பிடித்தம் வேணாங்க மேஸ்திரி." எனக்கு அவ்வளவுதான் வாயில் வந்தது.

"ஆடிய வுடுங்க சார். மீதி ஒன்பது நாளு என் ஆளுங்க வராம போனது. அத புடிச்சிக்கோங்க."

"இன்னாண்ணே இது! நாங்க வேணாங்கறோம், நீங்க புடிங்கறீங்க," என்றாள் மனைவி.

"கையெழுத்து போட்டிருக்கேனேம்மா."

"அப்போ தொவைக்கிற கல்லு ஒண்ணு போட்டுக் குடுங்க. தீர்ந்துச்சு."

"ஒன்பது நாளுக்கு ஒரு கல்லு ரொம்ப கம்மிம்மா."

"ஜாஸ்தி வேணும்னா பெரிய கல்லா போடுங்க."

அவர் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, அவளைப் பின்சுவரோரம் நிற்கவைத்து, இடுப்பு உயரத்துக்குக் கரியால் கோடு போட்டார். "இன்னும் கீழண்ணே, நான் குள்ளம்," என்றாள். பணம் முழுவதையும் அவர் கையில் கொடுத்தேன்.

மறுநாள் காலேஜில் பீஸ் கட்டிவிட்டு, நேரே கருங்கல்லோடு வந்து இறங்கினார்.