வாடகைக்குப் போன எங்கள் வீடு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் வரிசையாக எட்டு அறைகள் கட்டினார். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனிகள் வந்துவிட்டன, எங்கள் ஒரகடத்துக்கும் வரப்போகின்றன, தெற்கேயிருந்து பையன்கள் பெட்டியோடு வந்து இறங்குவார்கள் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. பையன்கள் வரத்தான் செய்தார்கள். ஆனால் கடனின் முதல் தவணை அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது.

நான்கு அறைகள்தான் நிரம்பின. மற்றவற்றில் பெயின்ட் வாசனை மட்டும் குடியிருந்தது. அப்பா தினமும் மாலையில் சட்டை மாற்றிக்கொண்டு ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், இறங்குகிறவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படி ஒரு நாள் ஒரு கம்பெனி சூப்பர்வைசரை அழைத்து வந்தார். திருநெல்வேலிக்காரர், புதிதாகக் கல்யாணம் ஆனவர். அறைகளைப் பார்த்துவிட்டு, குடும்பத்துக்குப் போதாது என்றார். பிறகு திரும்பி எங்கள் வீட்டைப் பார்த்தார். மூன்று அறைகளின் வாடகையைத் தருவதாக அவர் சொன்னதும், அம்மாவைக் கேட்காமலேயே அப்பா தலையாட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் எட்டாம் நம்பர் அறைக்குக் குடிபோனோம். நாற்பது அடி தூரத்துக்கு வண்டிகூடத் தேவைப்படவில்லை. பீரோ மட்டும் கதவில் நுழையாததால் பழைய வீட்டிலேயே நின்றுவிட்டது. எனக்கு அந்தப் பீரோவின் மேல் பொறாமையாக இருந்தது.

பக்கத்து அறைகளில் எல்லாம் ஆண்கள் என்பதால், பள்ளி விட்டு வந்ததும் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். அம்மா மோட்டார் போடுவதும் கக்கூஸ் கழுவுவதுமாக வெளியே இருப்பாள். நைட் ஷிப்ட் பையன்கள் பகலில் தூங்குவார்கள் என்பதால் சத்தமாகப் பாடம் படிக்கவும் முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது இருமினால்கூட ஆறுதலாக இருக்கும்.

ஒரு நாள் மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்தபோது, கால்கள் பழைய பழக்கத்தில் என்னை வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டன. கதவு திறந்திருந்தது. பையை மூலையில் போட்டுவிட்டு ஜன்னலடியில், நான் எப்போதும் படுக்கும் இடத்தில் படுத்துவிட்டேன். செய்தது தவறு என்பது படுத்த பிறகுதான் உறைத்தது. ஆனாலும் எழ மனமில்லை. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது என்மேல் ஒரு சேலை போர்த்தியிருந்தது. சூப்பர்வைசரின் மனைவி, அந்த அக்கா, பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். பதறி எழப்போனேன்.

"படுட்டி. ஒன்ன யாரு வெரட்டுதா? அவுக ஓவர்டைம் முடிஞ்சு வர நேரமாவும்" என்றார்.

வேர்க்கடலை கொடுத்தார். என் டீச்சர் யார், சிநேகிதிகள் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கே தெரியாது. நாளைக்கும் வா என்றார்.

தெருவெல்லாம் தேடிவிட்டு அம்மா வந்தாள். ஈரச் சேலையோடு வாசலுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமாம்மா?" என்று கேட்டாள்.

"ஒங்க வீட்டுக்குள்ள வர என்னக்கா கேள்வி?" என்றார் அந்த அக்கா.

அம்மா உள்ளே வரவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, கையைப் பிடித்து இழுத்துப் போய், எட்டாம் நம்பர் வாசலில் முதுகில் ஒன்று வைத்தாள். "வாடகை குடுக்கற வரைக்கும் அது அவங்க வூடு. நீ இன்னாத்துக்குப் போய் அங்க படுத்துகினே?" என்றாள். அடி வாங்கியவள் நான். அவள் ஏன் அழுதாள் என்று விளங்கவில்லை.

அதன்பிறகு நான் அங்கே போகவில்லை. பள்ளி விடும் நேரத்தில் அந்த அக்கா வாசலில் நிற்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவேன். எங்கள் வீட்டைப் பிடுங்கிக்கொண்டவர் என்ற கோபமும் இருந்தது. ஒரு முறை கூப்பிட்டார்; காதில் விழாததுபோல் ஓடினேன்.

பொங்கலுக்கு முன்பே காலி செய்தார்கள். பகலெல்லாம் தனியாக இருக்க முடியவில்லை என்று அந்த அக்கா ஊருக்கே போகிறாராம். கணவர் கம்பெனி ஹாஸ்டலில் சேர்ந்துகொள்வாராம். அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டுமே என்று அப்பாவின் முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. புறப்படும்போது அந்த அக்கா நான் எங்கே என்று கேட்டிருக்கிறார். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, வேன் சத்தம் ஓயும்வரை இறங்கவில்லை.

வல்லக்கோட்டை ரோட்டில் வேன் திரும்பும்வரை அவர் தலையை வெளியே நீட்டி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனார் என்று அம்மா சொன்னாள்.

பார்க்க மாட்டாரா பின்னே, எவ்வளவு நல்ல வீடு என்று நான் நினைத்துக்கொண்டேன்.