அண்ணன் தேர்ந்தெடுத்த கேம்ஷாஃப்ட்

அண்ணனோடு பிறந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நான் ஒருத்திதான். அதனால் ஓராண்டு நினைவு மலரின் முதல் கட்டுரையை நான் எழுத வேண்டும் என்று அண்ணன் பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். "அத்தை, அப்பா பெரிய தைரியசாலின்னு எழுதுங்க" என்றாள் மூத்தவள். அப்படி எழுதினால் அண்ணனுக்கே பிடிக்காது. எனக்குத் தெரிந்தவர்களில் அவரைப் போலப் பயந்த மனிதர் யாருமில்லை. பயந்துகொண்டே அவர் செய்த ஒரு காரியத்தால்தான் நான் இன்று உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

பொறையாறுக்கு மேற்கே, வாய்க்கால் கரையை ஒட்டிய எங்கள் தெருவில் அண்ணன் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் பண்ணையில் நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் எங்களுடையது. எட்டாவது முடித்ததும் போதகர் ஐயா அண்ணனை மிஷன் பட்டறையில் சேர்த்துவிட்டார். பம்புசெட் இன்ஜினில் ஆரம்பித்து லாரி, கார் என்று எல்லாவற்றையும் அங்கேதான் கற்றுக்கொண்டார். வயலில் பாம்பு கடித்து அப்பா இறந்தபோது அண்ணனுக்கு மீசை கூட முளைக்கவில்லை. அன்றிலிருந்து வீட்டைச் சுமந்தவர் அவர்தான். என்னை எட்டாவது வரை படிக்க வைத்து, பக்கத்து ஊரில் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று படுக்கப் போகும்முன் இரண்டு தடவை பார்ப்பார்.

பண்ணை வீட்டில் அண்ணனை டிரைவராகக் கூப்பிட்டார்கள். பண்ணையாரை நாங்கள் பெரியவர் என்போம், அவர் மகனைச் சின்னவர் என்போம். சின்னவர் சென்னையில் படித்தவர், கார்ப் பைத்தியம். வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் தன் தேசத்துக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன அமெரிக்கக் கார் ஒன்றை வாங்கி வந்திருந்தார். இரண்டே கதவு, இடது பக்கம் ஸ்டியரிங், எட்டு சிலிண்டர் இன்ஜின். அது வரும் சத்தம் இரண்டு ஊருக்கு முன்பே கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் எங்கள் தெருப் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

அது புதிய ஆட்சி வந்திருந்த காலம். கோட்டையில் நம் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள், இனி கூலி கூடும், குத்தகை நிலம் கையை விட்டுப் போகாது என்று எல்லோரும் பேசினார்கள். ஆனால் பண்ணைகள் இறங்கி வரவில்லை. விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள் கூலி நெல்லை உயர்த்திக் கேட்டார்கள். பண்ணைகள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி அறுத்துக்கொள்ளப் பார்த்தன. என் கணவர் சங்கத்தில் இருந்தார். அண்ணன் பண்ணைக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப் பக்கமாக வருவார், அப்படியே போய்விடுவார். தெருவில் அவரைப் பண்ணை நாய் என்றார்கள். பண்ணை வீட்டிலோ, சங்கத்துக்குத் துப்பு சொல்கிறவன் என்று சந்தேகப்பட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காரின் கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோனது. இன்ஜினுக்குள் சுழன்று வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு அது; பட்டறையில் சுருக்கமாகக் கேம் என்பார்கள். அதன் மேடுகள் தேய்ந்தால் வால்வு சரியாகத் திறக்காது. இழுவை போய்விடும், உள்ளே டக்டக்கென்று அடிக்கும். ஒருநாள் ஆற்றங்கரைச் சாலையில் கார் திணறியபோது யாரோ கல்லெறிந்து பின் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். சின்னவருக்கு அதிலிருந்து ஒரே எண்ணம்தான்.

"மெட்ராஸ்ல பந்தயக் கார்ல போடுற கேம் கிடைக்கும். அதை வாங்கிட்டு வா. இனி எவன் மறிச்சாலும் அவன் கையை ஓங்குறதுக்குள்ள நான் தாண்டிருக்கணும்" என்றாராம்.

"ஆளுங்க நடுவுல நின்னா, சின்னய்யா?" என்று அண்ணன் கேட்டிருக்கிறார்.

"நின்னா நிக்கட்டும்."

இதையெல்லாம் அண்ணன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், என் கணவர் இறந்த வருடத்தில். சென்னைக்கு ரயிலில் போகும் வழியெல்லாம் அந்தப் பதில் காதிலேயே நின்றதாம்.

புதுப்பேட்டையில் பழைய கார் சாமான் விற்கும் பாய் ஒருவர் நாகூர்க்காரர். மாயவரம் பக்கம் என்றதும் உட்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவரிடம் அந்த இன்ஜினுக்குச் சேரும் கேம் இரண்டு இருந்தன. ஒன்று பந்தயத்துக்கென்று கடைந்தது. மற்றொன்று அதே மாதிரிக் கார் ஒன்று மோதி நொறுங்கியதில் கழற்றியது, கம்பெனியிலிருந்து வந்தபடியே தேயாமல் இருந்தது.

"இந்தப் பந்தயக் கேம் வால்வை ரொம்ப நேரம் தொறந்து வைக்கும் தம்பி. வேகத்துல போனா சிங்கம். மெதுவாப் போனா குதிக்கும், இடிக்கும், அணைஞ்சு போயிரும். கிளட்சை விட்டா முன்னால பாயும். உங்க ஊர்ல ரோடு காலியா இருக்குமா?" என்று பாய் கேட்டார்.

"இல்ல பாய். ரோடு பூரா எங்க ஜனங்க."

அண்ணன் இரண்டையும் மாறி மாறிக் கையில் எடுத்துப் பார்த்தார். பந்தயக் கேமை வாங்காமல் போனால் சின்னவர் என்ன செய்வார் என்பது தெரியும். வாங்கிப் போனால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். கடைசியில் சாதாரணக் கேமையும், அதன் மேடுகளில் உட்கார்ந்து வால்வைத் தள்ளும் புது டேப்பட்டுகளையும் கட்டச் சொன்னார்.

"காதுள்ளவன் சத்தத்துலயே கண்டுபிடிச்சிருவான், பாத்துக்க" என்றார் பாய்.

புதுக் கேம் போட்டால் முதல் தடவை இன்ஜினை மெதுவாக ஓடவிடக் கூடாதாம். கொஞ்ச நேரம் விரட்டியே ஓட்டினால்தான் மேடுகளும் டேப்பட்டுகளும் ஒன்றோடொன்று படியுமாம். அண்ணன் அப்படியே செய்தார். ஷெட்டு அதிர இன்ஜின் உறுமியதைக் கேட்டுச் சின்னவர் சந்தோஷமாகத் தோளில் தட்டிவிட்டுப் போனார். அதற்கு மறுநாள்தான் மெதுவாக ஓடும்போது காது கொடுத்துக் கேட்டார்.

"என்னடா, தையல் மெஷின் மாதிரி ஓடுது?"

"புதுசுங்க சின்னய்யா. ஓட ஓடத்தான் தெரியும்."

வாழ்நாளில் அண்ணன் சொன்ன பொய் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சாவியைத் திருப்பும்போது, இன்று கண்டுபிடித்துவிடுவார் என்றே நினைத்தாராம். ஓடிப்போகவும் முடியாது. பண்ணைக்குச் சொந்தமான மனைக்கட்டில்தான் அம்மா குடியிருந்தார்.

அறுப்பு நின்று, கதிர் வயலிலேயே சாய்ந்து கிடந்தது. எங்கள் ஆள் ஒருவரைப் பண்ணை ஆட்கள் அடித்துக் கையை முறித்துவிட்டார்கள். அதற்கு மறுநாள் பிற்பகல், பண்ணைக் கார் வெளியே கிளம்புகிறது, வெளியூர் ஆட்களைக் கூட்டிவரத்தான் போகிறார்கள் என்று செய்தி வந்தது. உண்மையில் தாசில்தார் கூப்பிட்டனுப்பியதால் பெரியவர் பேச்சுவார்த்தைக்குப் போய்க்கொண்டிருந்தார். அது எங்களுக்குத் தெரியாது. அரிவாளும் கம்புமாக எல்லோரும் மதகுப் பாலத்துக்கு ஓடினோம். பெண்கள் முன்னால் நின்றால் கார் நின்றுவிடும் என்று யாரோ சொன்னார்கள். நின்றோம்.

கார் வந்தது. எங்களைக் கண்டதும் வேகம் குறைந்தது. பின்னாலிருந்த கூட்டம் நெருக்கியதில் நான் முன்னால் தள்ளப்பட்டுப் பானெட்டின் மேல் இரண்டு கையையும் ஊன்றினேன். தகரம் சுட்டது. கண்ணாடிக்குள் அண்ணன் முகம் வெளுத்துப்போயிருந்தது. பக்கத்தில் சின்னவர் முழங்காலுக்கு நடுவே துப்பாக்கியை நிறுத்தியிருந்தார். பின்சீட்டில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏத்துடா! எவ நின்னா உனக்கென்ன? ஏத்து!" என்று சின்னவர் கத்தினார். துப்பாக்கியின் முனை ஜன்னல் பக்கம் திரும்பியது.

அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, கையை எடுக்காத. பானெட் மேலயே வச்சுக்க. என்னையே பாத்துக்கிட்டுப் பின்னால நட."

"நிறுத்துங்கண்ணே!"

"நிறுத்துனாத் துப்பாக்கி வெடிச்சிரும். விரட்டுனா நீ செத்துருவ. நட தங்கச்சி, நட."

நான் நடந்தேன். கார் என் நடைக்கு வந்தது. ஒரு குலுக்கல் இல்லை. அது ஒரு தடவை குதித்திருந்தால் நான் சக்கரத்துக்கு அடியில் போயிருப்பேன். ஒரு தடவை அணைந்திருந்தால் கூட்டம் கதவைப் பிடுங்கியிருக்கும், துப்பாக்கியும் வெடித்திருக்கும். யாரோ கல்லை ஓங்கினார்கள். "அடிக்காதீங்க, எம் பொண்டாட்டி நிக்கிறா!" என்று என் கணவர் அலறியது கேட்டது. கல் விழவில்லை. ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் விலகி விலகி வழிவிட்டார்கள். எனக்கு அண்ணனின் கண்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அவ்வளவு பயந்த கண்களை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை.

பாலம் முடிந்ததும், "இப்ப ஒதுங்கு" என்றார். ஒதுங்கினேன். கார் போய்விட்டது. நான் சாலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தாலுகா ஆபீஸ் வாசலில் சின்னவர் அண்ணனின் சட்டையைப் பிடித்தார். பந்தயக் கேம் போட்ட இன்ஜினை ஆள் நடைக்கு ஓட்ட முடியாது என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. "எந்தக் கேமைடா போட்ட?" என்று கேட்டார். அண்ணன், "மெதுவாப் போறதை" என்றார். அறை விழுந்தது. பெரியவர், ஆபீஸ் வாசலில் கூடியிருந்தவர்களைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார். அன்று பேச்சு முடிந்து, அந்த அறுப்புக்குக் கூலி உயர்ந்தது. அண்ணன் சாவியைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டு நடந்தார். இருட்டுவதற்குள் அம்மாவை அழைத்துக்கொண்டு ஊரைவிட்டே போனார்.

மாயவரத்தில் ஒரு கொட்டகையை வாடகைக்குப் பிடித்துப் பட்டறை வைத்தார். அண்ணியைக் கைப்பிடித்தார், மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்தார். எனக்குச் சத்துணவு மையத்தில் வேலை கிடைத்தபோது முதல்நாள் கூடவே வந்து வாசலில் நின்றார். ஆனால் பயம் அவரை விடவில்லை. தெருவில் ஜீப் நின்றால் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிடுவார். பொழுது சாய்ந்ததும் வீட்டுக் கதவைத் தாழிட்டு, குறுக்கே கட்டையும் போட்டுவிடுவார். பண்ணை நிலங்கள் கைமாறி, சின்னவர் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்ட பிறகும் அந்தக் கட்டை விழாத நாளில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி வாரத்திலும், "வெளியில யாரும்மா நிக்கிறது?" என்று நர்ஸைக் கேட்டுக்கொண்டேயிருந்தார். "உங்க சொந்தக்காரங்கதான் தாத்தா" என்று சலிக்காமல் சொன்ன அந்தப் பெண்ணுக்கு எங்கள் முதல் நன்றி.

மூச்சுத் திணறியபோதெல்லாம் எந்த நேரமானாலும் ஆட்டோவை எடுத்து வந்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், ஜெபித்து அடக்க ஆராதனை நடத்திய போதகர் ஐயாவுக்கும், பாடகர் குழுவினருக்கும், பட்டறைத் தம்பிகளுக்கும் நன்றி. பழைய சங்கத் தோழர்களே, தள்ளாத வயதில் பஸ் ஏறி வந்தீர்கள். "பண்ணைக் கார் ஓட்டுனவன்னு பேசுனோமேம்மா" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவருக்கும் நன்றி. உடலை வீட்டில் வைத்திருந்த அன்று மாலை, வழக்கம்போல் அண்ணி கதவைச் சாத்தப் போனார்கள். நீங்கள் எல்லோரும் வாசற்படியிலும் கூடத்திலும் தெருவிலும் நெருக்கியடித்து நின்றிருந்தீர்கள். சாத்த முடியவில்லை. அண்ணி கட்டையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, வந்து அண்ணன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்கள்.

அன்புத் தங்கை